டேங்க் (சொல்)

டேங்க் என்பது பல பொருள்களில் வழங்கும் ஓர் ஆங்கிலச் சொல்லாகும். ஏரி, குளம், தண்ணீர்த் தொட்டி, எரிபொருள் கலன், கழிவுநீர்த் தொட்டி, போர்க்களக் கவச ஊர்தி ஆகிய அனைத்தையும் இச்சொல் குறிக்கும். தமிழ்நாட்டில் இது டேங்க், டாங்க், டாங்கி என்ற வடிவங்களிலும், இலங்கைத் தமிழில் தாங்கி என்ற வடிவத்திலும் வழங்குகிறது.

இச்சொல்லின் முதன்மையான மூன்று பொருள்களையும் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதியில் ஒருசேரக் காணலாம். பூந்தமல்லி - ஆவடி சாலையில் அமைந்துள்ள சென்னீர்குப்பம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இவ்வூருக்குத் தென்மேற்கே, ஆங்கிலப் பதிவேடுகளில் 'டேங்க்' எனக் குறிக்கப்படும் செம்பரம்பாக்கம் ஏரி உள்ளது. வடக்கே ஆவடியில், மக்கள் 'டேங்க் ஃபேக்டரி' என்றழைக்கும் கனரக வாகனத் தொழிற்சாலை உள்ளது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஊர்களின் வீட்டு மாடிகளில் இருப்பவையும் 'டேங்க்' என்றே அழைக்கப்படுகின்றன.

சொற்பிறப்பு

டேங்க் ஆங்கிலத்தில் வழங்கினாலும் அதன் வேர் இந்தியாவில் உள்ளதாகவே அகராதியியலாளர்கள் பொதுவாகக் கருதுகின்றனர். நிலத்தடி நீர்த்தொட்டி அல்லது நீர்த்தேக்கம் எனப் பொருள்படும் குஜராத்தி, மராத்திச் சொற்களிலிருந்து இது பெறப்பட்டது. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிற்கு வந்த ஆங்கிலேயர்களின் எழுத்துக்களில் இச்சொல் நீர்நிலை என்ற பொருளில் இடம்பெறத் தொடங்கியது.

போர்த்துக்கேய மொழியில் 'டான்க்' என ஒலிக்கும் ஒரு சொல் குளம், நீர்த்தேக்கம் என்ற பொருளில் உள்ளது. தேங்கிய நீரைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே அதன் மூலமாகும். இந்தியக் கடற்கரையில் போர்த்துக்கேயரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்து வணிகம் செய்ததால், இந்தியச் சொல்லும் போர்த்துக்கேயச் சொல்லும் ஒன்றையொன்று வலுப்படுத்தியிருக்கலாம் எனக் கருதப்படுகிறது. 1886-இல் வெளியான 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொற்களின் அகராதியும் டேங்க் என்ற சொல்லைத் தனிப் பதிவாக ஆராய்கிறது.

தமிழில் சிறிய ஏரியைக் குறிக்கும் 'தாங்கல்' என்ற சொல்லுக்கும் டேங்கிற்கும் ஒலியொப்புமை உள்ளது. சென்னையை ஒட்டிய ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் போன்ற ஊர்ப்பெயர்களில் இச்சொல் வாழ்கிறது. எனினும் தாங்கல் என்பது 'தாங்கு' என்னும் தமிழ் வினையடியிலிருந்து அமைந்தது. ஒலியொப்புமையை மட்டும் கொண்டு இவ்விரு சொற்களையும் ஒரே மூலத்தைச் சேர்ந்தவை எனக் கொள்ள இயலாது.

நீர்நிலை என்ற பொருள்

இங்கிலாந்தில் டேங்க் என்றால் பெரும்பாலும் மூடிய கலன் ஒன்றையே குறிக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் எழுதப்படும் ஆங்கிலத்தில் அது பாசனத்திற்காகக் கரை எழுப்பி நீரைத் தேக்கும் ஏரியைக் குறிக்கிறது. இந்த வேறுபாட்டை அறியாதோர் பழைய ஆவணங்களைப் படிக்கும்போது பெரும் குழப்பம் அடைவர்.

தமிழில் வெவ்வேறு பெயர்களால் வழங்கும் பல நீர்நிலைகளை ஆங்கிலம் இந்த ஒரே சொல்லால் குறிப்பிடுகிறது. அவற்றுள் சில பின்வருமாறு:

- ஏரி: பாசனத்திற்காக நீரைத் தேக்கும் பெரிய நீர்நிலை. வடதமிழகத்தில் பெருவழக்கு.
- கண்மாய்: மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளில் ஏரிக்கு வழங்கும் பெயர்.
- தாங்கல், ஏந்தல்: சிறிய பாசன ஏரிகள்.
- ஊருணி: ஊர் மக்கள் குடிப்பதற்காக நீர் எடுக்கும் நீர்நிலை.
- குட்டை: கால்நடைகளுக்கும் பிற தேவைகளுக்கும் பயன்படும் சிறு நீர்நிலை.
- தெப்பக்குளம்: கோயிலை ஒட்டிப் படிக்கட்டுகளுடன் அமைந்த குளம்.

இச்சொற்கள் ஒவ்வொன்றும் நீர்நிலையின் அளவையும் பயனையும் சேர்த்தே உணர்த்துகின்றன. யாருக்காக அந்த நீர் தேக்கப்பட்டது என்ற செய்தி ஊருணி என்ற பெயரிலேயே அடங்கியுள்ளது. அனைத்தையும் டேங்க் எனப் பதியும்போது இந்த விவரம் இழக்கப்படுகிறது.

தமிழகத்தில் சுமார் 39,000 பாசன ஏரிகள் உள்ளதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. ஆற்று நீரைக் கால்வாய் வழியாகப் பெறுபவை, மழைநீரை மட்டுமே நம்பியிருப்பவை என இவை இருவகைப்படும். ஓர் ஏரியின் முக்கிய உறுப்புகள் நீர்வரத்துக் கால்வாய், கரை, பாசனத்திற்கு நீரைத் திறந்துவிடும் மதகு, மிகைநீர் வெளியேறும் கலங்கல் ஆகியவையாகும். ஏரி நீரால் பாசனம் பெறும் நிலப்பரப்பு ஆயக்கட்டு எனப்படும்.

ஏரிகளைப் பராமரிக்க ஊரளவில் அமைப்புகள் இருந்தமைக்குக் கல்வெட்டுச் சான்றுகள் உள்ளன. முதலாம் பராந்தக சோழன் காலத்தைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. ஆங்கில வரலாற்று நூல்களில் இது 'டேங்க் கமிட்டி' என மொழிபெயர்க்கப்பட்டுள்ளது.

செம்பரம்பாக்கம் ஏரி

சென்னீர்குப்பத்தைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் அம்பத்தூர், கொரட்டூர், அயனம்பாக்கம், போரூர், பருத்திப்பட்டு ஆகிய இடங்களில் ஏரிகள் உள்ளன. இவ்வட்டாரத்தின் ஏரிகளில் மிகப் பெரியது செம்பரம்பாக்கம் ஏரியாகும். இதன் முழு நீர்மட்டம் 24 அடி. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. இது ஏறத்தாழ 10,320 கோடி லிட்டருக்குச் சமமாகும். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் இந்நீரை ஏற்றுவதாயின் சுமார் 86 லட்சம் நடைகள் தேவைப்படும்.

பாசன ஏரியாக இருந்த செம்பரம்பாக்கம், இன்று சென்னையின் முக்கியக் குடிநீர் ஆதாரங்களுள் ஒன்றாக விளங்குகிறது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் இங்கு 2007-இல் செயல்படத் தொடங்கியது. ஏரியிலிருந்து வெளியேறும் உபரிநீர் அடையாற்றில் கலக்கிறது.

2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில் பெய்த கனமழையின்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. இது விநாடிக்குச் சுமார் 8.2 லட்சம் லிட்டராகும். இதனுடன் அடையாற்றுப் படுகையில் உள்ள பிற ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்து ஆற்றின் இரு கரைகளிலும் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஏரி நீர் மேலாண்மையில் இருந்த குறைபாடுகளை 2018-இல் தமிழகச் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை சுட்டிக்காட்டியது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2019-ஆம் ஆண்டுக் கோடையில் இதே ஏரி வறண்டது.

இடப்பெயர்களிலும் சட்டத்திலும்

மறைந்துபோன நீர்நிலைகள் சில, டேங்க் என்ற சொல் இடம்பெறும் தெருப்பெயர்களாக எஞ்சியுள்ளன. சென்னை நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் சாலையும், சேத்துப்பட்டில் ஸ்பர் டேங்க் சாலையும் உள்ளன. 'பண்ட்' என்பது ஏரிக்கரையைக் குறிக்கும். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரி ஆங்கிலேயரால் 'லாங் டேங்க்' எனப்பட்டது. அதன் மாம்பலம் பகுதி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. பெங்களூரில் தர்மாம்புதி ஏரி இருந்த இடத்தில் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம் உள்ளது. ஐதராபாத்தில் உசேன் சாகர் ஏரியின் கரை இன்றும் 'டேங்க் பண்ட்' என்றே அழைக்கப்படுகிறது.

தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாப்பதற்கும் ஆக்கிரமிப்புகளை அகற்றுவதற்கும் 2007-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் ஆங்கிலத் தலைப்பில் 'டேங்க்ஸ்' என்ற சொல்லே இடம்பெற்றுள்ளது. நிலப் பதிவேடுகளில் ஏரிக்குரிய அரசு நிலம் ஏரிப் புறம்போக்கு எனப்படும். எனவே, நிலம் வாங்குவோர் பழைய ஆங்கில ஆவணங்களில் 'டேங்க்' அல்லது 'டேங்க் பெட்' என்ற குறிப்பைக் கண்டால் அதைத் தண்ணீர்த் தொட்டி எனப் பொருள்கொள்வது பிழையாகும். அது அந்நிலம் ஏரியாகவோ ஏரியின் நீர்ப்பரப்பாகவோ பதியப்பட்டிருப்பதைக் குறிக்கும்.

தொட்டி, கலன் என்ற பொருள்

17-ஆம் நூற்றாண்டின் இறுதியில், நீர்மங்களைச் சேமிக்கும் பெரிய செயற்கைக் கலன் என்ற பொருளை டேங்க் பெற்றது. தமிழ்ப் பேச்சு வழக்கில் இன்று மிகுதியாக வழங்குவது இப்பொருளேயாகும்.

- மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி: ஊராட்சிகளும் நகராட்சிகளும் குடிநீர் வழங்கக் கட்டும் உயரமான தொட்டி. நீர் ஈர்ப்பு விசையால் குழாய்களில் பாயும் வகையில் உயரத்தில் அமைக்கப்படுகிறது.
- மாடித் தொட்டி: வீடுகளில் மொட்டை மாடியில் வைக்கப்படுவது. குஜராத் மாநிலம் கலோலைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று 1970-களில் அறிமுகப்படுத்திய நெகிழித் தொட்டிகளின் வணிகப்பெயரான 'சின்டெக்ஸ்', தமிழகத்தில் நெகிழித் தொட்டிகளுக்கான பொதுப்பெயராகவே மாறிவிட்டது.
- சம்ப்: வீட்டின் நிலத்தடித் தொட்டி. குழாய் நீரோ லாரி நீரோ இதில் சேமிக்கப்பட்டு, மோட்டார் மூலம் மாடித் தொட்டிக்கு ஏற்றப்படுகிறது.
- டேங்கர்: நீர், பால், எரிபொருள் முதலியவற்றை ஏற்றிச் செல்லும் ஊர்தி அல்லது கப்பல்.
- எரிபொருள் டேங்க்: ஊர்திகளில் பெட்ரோல், டீசல் நிரப்பும் கலன்.
- மீன் தொட்டி: அழகு மீன்களை வளர்க்கும் கண்ணாடித் தொட்டி. சென்னையின் கொளத்தூர் இவ்வணிகத்திற்குப் பெயர்பெற்றது.

2019-ஆம் ஆண்டுத் தண்ணீர்ப் பஞ்சத்தின்போது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர் பெட்டிகள் கொண்ட தொடர்வண்டி 25 லட்சம் லிட்டர் நீருடன் சென்னை வில்லிவாக்கத்தை வந்தடைந்தது. ஒவ்வொரு பெட்டியும் 50,000 லிட்டர் கொண்டதாகும்.

தொட்டிகளை மூடி வைப்பது பொதுச் சுகாதாரத்திற்கு இன்றியமையாதது. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சை என்னும் கொசு இனம் சென்னையில் மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் முட்டையிட்டுப் பெருகுகிறது.

செப்டிக் டேங்க்

செப்டிக் டேங்க் அல்லது மலக்கசடுத் தொட்டி என்பது பாதாளச் சாக்கடை இல்லாத இடங்களில் வீட்டுக் கழிவுநீரைத் தேக்கி வைக்கும் நிலத்தடித் தொட்டியாகும். திடப்பொருள்கள் அடியில் படிந்து, காற்றில்லாச் சூழலில் வாழும் பாக்டீரியாக்களால் சிதைக்கப்படுகின்றன. இதன்போது மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு முதலிய வளிமங்கள் உருவாகின்றன.

ஹைட்ரஜன் சல்பைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் உடையது. செறிவு கூடும்போது அது மோப்ப உணர்வையே செயலிழக்கச் செய்வதால், ஆபத்து இருப்பது தெரிவதில்லை. உள்ளே இறங்குபவர் சில நொடிகளில் மயங்கி விழக்கூடும். அவரை மீட்க இறங்குபவர்களும் அடுத்தடுத்து இறக்கும் நிகழ்வுகள் இந்தியாவில் தொடர்ந்து பதிவாகியுள்ளன. எனவே, உரிய சுவாசக் கருவியின்றி எவரும் எக்காரணம் கொண்டும் இத்தொட்டிக்குள் இறங்கக் கூடாது.

மனிதக் கழிவுகளை மனிதரே அகற்றும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 2013-இல் இந்திய நாடாளுமன்றத்தில் நிறைவேற்றப்பட்டது. பாதுகாப்புக் கருவிகளின்றித் தொழிலாளர்களை மலக்கசடுத் தொட்டிக்குள் இறக்குவது இச்சட்டப்படி குற்றமாகும். 2014-இல் உச்ச நீதிமன்றம், இவ்வாறு இறந்தோரின் குடும்பங்களுக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது. 2023 அக்டோபரில் இத்தொகை 30 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது.

படைத்துறைப் பொருள்

பெயர் வந்த வரலாறு

முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளையும் முள்வேலிகளையும் கடக்கக்கூடிய கவச ஊர்தி ஒன்றை 1915-இல் பிரித்தானியா உருவாக்கத் தொடங்கியது. இதற்கெனக் கடற்படை அமைச்சகம் அமைத்த குழு 'நிலக் கப்பல் குழு' எனப்பட்டது. அப்பெயர் இரகசியத்தை வெளிப்படுத்திவிடும் என்பதால் வேறு பெயர் தேவைப்பட்டது.

லிங்கன் நகரில் இவ்வூர்தி கட்டப்பட்டபோது, மெசொப்பொத்தேமியாவுக்கு அனுப்பும் நீர்க்கலன் எனத் தொழிலாளர்களிடம் கூறப்பட்டது. பெட்டி போன்ற அதன் தோற்றமும் இதற்குப் பொருந்தியது. 1915 டிசம்பரில் டேங்க் என்பதே மறைபெயராக ஏற்கப்பட்டது. உருசியாவுக்குச் செல்லும் சரக்கு எனத் தோன்றுமாறு, 'கவனமாக, பெட்ரோகிராடுக்கு' என்ற பொருள்பட உருசிய எழுத்துகளும் சில ஊர்திகளின்மீது எழுதப்பட்டன.

1916 செப்டம்பர் 15 அன்று பிரான்சில் சோம் போரின் ஒரு பகுதியான ஃப்ளெர்-கூர்செலெத் சமரில் டாங்கிகள் முதன்முறையாகப் பயன்படுத்தப்பட்டன. இரகசியம் வெளிப்பட்ட பின்னரும் மறைபெயரே நிலைத்துவிட்டது. உருசிய மொழியும் இதே சொல்லை ஏற்றது. ஜெர்மானியர் கவசம் எனப் பொருள்படும் 'பன்சர்' என்ற சொல்லையும், பிரெஞ்சுக்காரர் தேர் எனப் பொருள்படும் 'ஷார்' என்ற சொல்லையும் பயன்படுத்துகின்றனர்.

இவ்வாறு, மேற்கிந்தியாவில் நீர்த்தொட்டியைக் குறித்த சொல் ஒன்று, ஆங்கிலத்தின் வழியாகப் போர் ஊர்தியின் பெயராக மாறி, 1960-களில் மீண்டும் இந்தியாவிற்கு, அதுவும் ஏரிகள் நிறைந்த ஒரு வட்டாரத்திற்கே ஒரு தொழிற்சாலையின் வடிவில் வந்து சேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

ஆவடி

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் நிறுவப்பட்டது. இங்கு உருவாக்கப்பட்ட முக்கிய டாங்கிகள் பின்வருமாறு:

- விஜயந்தா: பிரித்தானியாவின் விக்கர்ஸ் நிறுவன வடிவமைப்பை அடிப்படையாகக் கொண்டது. 105 மி.மீ. பீரங்கி உடையது. ஆவடியில் முதல் ஊர்தி 1965-இல் வெளிவந்தது.
- அஜேயா: சோவியத் ஒன்றியத்தின் டி-72 டாங்கியின் இந்திய வடிவம். உரிமம் பெற்று உற்பத்தி செய்யப்பட்டது.
- பீஷ்மா: உருசியாவின் டி-90 டாங்கியின் இந்திய வடிவம். ஆவடியில் முழுமையாகக் கட்டப்பட்ட முதல் தொகுதி 2009-இல் படையிடம் ஒப்படைக்கப்பட்டது.
- அர்ஜுன்: ஆவடியிலேயே உள்ள போர் ஊர்திகள் ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனத்தில் வடிவமைக்கப்பட்டது. 120 மி.மீ. பீரங்கி உடையது. 1974-இல் ஒப்புதல் பெற்ற இத்திட்டத்தின் முதல் 16 ஊர்திகள் 2004-இல் படையிடம் அளிக்கப்பட்டன.

அர்ஜுனின் மேம்பட்ட வடிவமான மார்க்-1ஏ சுமார் 68 டன் எடை உடையது. இது 2021 பிப்ரவரி 14 அன்று சென்னையில் நடந்த விழாவில் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் 118 ஊர்திகளுக்கான ஆணை ஆவடித் தொழிற்சாலைக்கு வழங்கப்பட்டது. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டபின், இத்தொழிற்சாலை ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆர்மர்ட் வெகிக்கிள்ஸ் நிகம் நிறுவனத்தின் கீழ் வந்தது.

ஆவடி என்ற பெயர், கவச ஊர்திகளைக் குறிக்கும் ஆங்கிலத் தொடர் ஒன்றின் முதலெழுத்துச் சுருக்கம் என்ற கருத்து மக்களிடையே பரவலாக உள்ளது. இது தவறாகும். இந்திய தேசிய காங்கிரசின் புகழ்பெற்ற ஆவடி மாநாடு 1955 ஜனவரியில், அதாவது தொழிற்சாலை தோன்றுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்னரே, அப்பெயரிலேயே நடைபெற்றது.

பிற பொருள்கள்

- டேங்க் சுற்று: மின்னணுவியலில், மின்தேக்கியும் மின்தூண்டியும் இணைந்த ஒத்ததிர்வுச் சுற்று. ஆற்றல் இவ்விரண்டிற்கும் இடையே மாறி மாறிச் சேமிக்கப்படுவதால் இப்பெயர் பெற்றது. வானொலி அலைவரிசையைத் தேர்ந்தெடுக்க உதவுகிறது.
- டேங்க் எஞ்சின்: தனக்குத் தேவையான நீரைத் தனிப் பெட்டியில் இழுத்துச் செல்லாமல் தன்மீதே சுமக்கும் நீராவிப் பொறி. நீலகிரி மலை இரயில்பாதையின் எக்ஸ் வகைப் பொறிகள் இவ்வகையைச் சேர்ந்தவை.
- திங்க் டேங்க்: கொள்கை ஆய்வு நிறுவனம். தமிழில் சிந்தனைக் குழாம் எனப்படும்.
- டேங்க் டாப்: கையில்லா மேலாடை. நீச்சல் குளத்தில் அணியும் உடையிலிருந்து இப்பெயர் வந்தது.
- வினைச்சொல்லாக: பேச்சு ஆங்கிலத்தில் படுதோல்வி அடைதல், மதிப்புச் சரிதல், விளையாட்டில் வேண்டுமென்றே தோற்றல்.
- கணினி விளையாட்டுகளில்: எதிரியின் தாக்குதலைத் தன்மீது ஈர்த்துக் குழுவைக் காக்கும் ஆட்டக்காரர்.

தமிழ் வழக்கு

தமிழ்நாட்டு இதழ்களில் போர் ஊர்தியைக் குறிக்க டாங்கி, பீரங்கி வண்டி, கவச வாகனம் ஆகியவை வழங்குகின்றன. இவற்றுள் பீரங்கி என்பது தனித்து நிற்கும் பெரிய துப்பாக்கியையும், கவச வாகனம் என்பது பீரங்கியற்ற பிற படை ஊர்திகளையும் குறிப்பதால், டாங்கி என்பதே குழப்பமற்ற சொல்லாக உள்ளது.

இலங்கைத் தமிழில் தண்ணீர்த் தொட்டி 'தண்ணீர்த் தாங்கி' என்றும், போர் ஊர்தி 'யுத்த தாங்கி' என்றும் வழங்கும். ஆங்கில ஒலியை ஒட்டியதாக இருப்பினும், 'தாங்குவது' என்ற தமிழ்ப் பொருளும் தருவதால் இது இயல்பான தமிழ்ச் சொல்லாகவே நிலைபெற்றுள்ளது. அங்கு பாசன நீர்நிலைகள் குளம் எனப்படுகின்றன. கிளிநொச்சியின் இரணைமடுக் குளமும், மன்னாரின் கட்டுக்கரைக் குளமும் ஆங்கிலத்தில் டேங்க் என்றே குறிக்கப்படுகின்றன.

மொழிபெயர்ப்பில் கவனிக்க வேண்டியவை

ஆங்கில நூல்களிலிருந்து தமிழாக்கம் செய்யும் மாணவர்கள் இடம் நோக்கிப் பொருள்கொள்ள வேண்டும்.

- கரை, மதகு, பாசனம், ஆயக்கட்டு ஆகியவற்றோடு வந்தால்: ஏரி, குளம் அல்லது கண்மாய். வட்டார வழக்கிற்கேற்பத் தேர்ந்தெடுத்தல் நன்று.
- கோயிலோடு சேர்ந்து வந்தால்: தெப்பக்குளம் அல்லது திருக்குளம்.
- லிட்டர், குழாய், மூடி ஆகியவற்றோடு வந்தால்: தொட்டி.
- ஊர்தி, எரிபொருள், வளிமம் ஆகியவற்றோடு வந்தால்: கலன்.
- படைப்பிரிவு, பீரங்கி, கவசம் ஆகியவற்றோடு வந்தால்: டாங்கி அல்லது தாங்கி.

பாசன ஏரியைத் தொட்டி என மொழிபெயர்ப்பது தமிழ் நூல்களில் அடிக்கடி காணப்படும் பிழையாகும். தொட்டியைக் கட்டியவர் எளிதில் இடித்துவிடலாம். ஏரியோ, நீர்வரத்தும் போக்கும் உள்ள ஒரு தொடரின் கண்ணியாகும். ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீரே அடுத்த ஏரியின் வரத்தாக அமைகிறது.

இவற்றையும் பார்க்க

- ஏரி
- செம்பரம்பாக்கம் ஏரி
- ஆவடி
- அர்ஜுன் டாங்கி
- குடவோலை முறை
- மழைநீர் சேகரிப்பு